கேளுங்க மாமா: துரை பங்களா ஸ்பெஷல்

கே: எல்லாத் தோட்டத்திலும் துரை பங்களா மட்டும் ஏன் மேட்டு உச்சியில்? (ரந்தாவ் வாசகர்)

ப: காற்று, கொசு, காய்ச்சல் என்று ஆரோக்கியக் காரணம் சொல்வார்கள். பொய்யில்லை. ஆனால் வராந்தாவில் நின்றால் பிரட்டுக்களம், ஸ்டோர், லயம் மூன்றும் தெரியும். லயத்தில் நின்றால் வராந்தா மட்டும்தான் தெரியும்.

கே: கரண்ட் இல்லாத காலத்தில் உள்ளே எப்படிக் குளுகுளுவென்று இருந்தது? (பகாவ்)

ப: தூண் மேல் தூக்கிய வீடு, அடியில் காற்று புகும். சுற்றிலும் வராந்தா, சுவரில் வெயில் விழாது. கூரை உச்சியில் இன்னொரு குட்டிக் கூரை, சூடு அந்த இடுக்கால் வெளியேறும். இதில் பாதி, கம்போங் வீட்டுத் தச்சர் பரம்பரையாக அறிந்த வித்தை. துரை சேர்த்தது, கார் வந்து நிற்கும் முகப்பும் ஜின் வைக்கும் மேசையும்.

கே: பழைய பங்களாவில் குளியலறைக்கு இரண்டு கதவாமே? (போர்ட்டிக்சன்)

ப: ஒன்று துரைக்கு. மற்றது பின்படிக்கட்டுக்கு, ஃபிளஷ் இல்லாத நாளில் வாளி தூக்கியவர், கூடத்தை மிதிக்காமல் ஏறி இறங்கிய வழி. அடுப்படியும் அப்படித்தான். புகைக்கும் நெருப்புக்கும் பயந்து பின்னால் தனிக் கட்டடம், நடுவே கூரை போட்ட நடைவழி. சூப் ஆறிப்போகும், அந்தஸ்து ஆறாது! இன்று பங்களாவை விடுதியாக்குபவர் முதலில் அடைக்கப் போவது அந்தப் பின்கதவைத்தான். வரலாறு வேண்டும், வாடை வேண்டாம்.

கே: அப்படி விடுதியாக்கி ஜெயித்தவர் உண்டா? (நீலாய்)

ப: இலங்கை மலையகத்துக்கு டிக்கெட் போடுங்கள். பொகவந்தலாவைப் பக்கம் டில்மா குடும்பம் 2005இல் 'சிலோன் டீ ட்ரெயில்ஸ்' திறந்தது. காசல்ரீ, நோர்வூட், சமர்வில், டியன்சின் என்று நான்கு துரை பங்களாக்கள்; டங்கெல்ட் பிறகு சேர்ந்தது. டியன்சின் 1888இல் கட்டியது. பட்லர் உண்டு, சமையல்காரர் உண்டு, விடிந்ததும் படுக்கைக்கே தேநீர் வரும். ஜன்னலுக்கு வெளியே நம் பெண்கள் கொழுந்து பறிப்பார்கள். அந்தக் காட்சிக்குத்தான் காசு. காட்சியில் இருப்பவர்களுக்குக் கிலோக் கணக்கு.

கே: அந்தப் படங்களைப் பார்த்தால் எங்கள் தோட்டத்துப் பங்களா மாதிரியே இருக்கே? (லாபு)

ப: 1869இல் இலங்கைக் காபியை இலைநோய் பிடித்தது. பிழைப்புத் தேடிச் சில துரைமார் கப்பலேறி வந்து, நம் சுங்கை ஊஜோங்கில் மறுபடி காபி போட்டார்கள். பிறகு ரப்பர், இப்போது செம்பனை. பயிர்தான் மாறியது, வராந்தா மாறவில்லை.

கே: துரை பங்களாவில் பேய் உண்டா?

ப: வாடகை கட்டாமல் இத்தனை வருஷம் வேறு யாரால் தங்க முடியும்?

கே: மலேசியாவில் வெள்ளைக்காரர் மாளிகை ஹோட்டலானதே இல்லையா? (சிரம்பான்)

ப: கோலாலம்பூர் கார்கோசா. நெகிரி செம்பிலானையும் சேர்த்து நான்கு மாநிலங்களை மேய்த்த முதல் ரெசிடென்ட் ஜெனரல் சுவெட்டன்ஹாம் குடியிருந்தது. 1989இல் ஹோட்டலானது, அதே வருஷம் எலிசபெத் ராணியே வந்து தங்கினார். தம் ஆட்கள் வீட்டுக்காரராக இருந்த இடத்தில் விருந்தாளி!

கே: பால்மரம் வெட்டியவன் பங்களாவை வாங்க முடியுமா மாமா? (தம்பின்)

ப: பங்களாவா? தோட்டத்தையே வாங்கினார்களே! துரைமார் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுக்கொண்டிருந்த நேரம். 1960இல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கி, தோட்டம் தோட்டமாகப் போய் மாதம் 10 வெள்ளி கேட்டார். அடுத்த வருஷமே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் சங்கத்தின் கையில். அந்த 10 வெள்ளியை எடுத்துவைக்க, பல வீடுகளில் அம்மாவின் தோடு அடகுக்கடைக்குப் போனது. சங்கத்து வரலாற்றில் அந்தத் தோடுகளுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கலாம்.

கே: பங்களா விடுதியில் ஓர் இரவு தங்க ஆசை. எந்த அறை கேட்கலாம்? (கோலப்பிலா)

ப: எல்லாரும் பெரிய துரையின் அறையைத்தான் கேட்பார்கள். நீங்கள், "லயத்தில் ஏதும் காலியா?" என்று கேளுங்கள். கவுண்டரில் இருப்பவர் முழிப்பதைப் படம் பிடித்து அனுப்புங்கள், பிரசுரிக்கிறோம்.