மொட்டை மாடித் தகரம்: திணைக் கோட்பாட்டு வழி ஓர் ஆய்வு

வடக்கே தண்ணீர்த் தொட்டி, தெற்கே துணிக்கொடி, கிழக்கே பக்கத்து வீட்டு ஜன்னல், மேற்கே மாடிப்படி என்னும் நான்கெல்லைக்கு உட்பட்ட நிலப்பரப்பே இவ்வாய்வின் களம். இக்களத்தின் மீது உலோகக் கூரை வேய முற்படும் குடும்பம் எந்த நெறியைப் பின்பற்றுகிறது என்று கண்டறிவது நோக்கம். எந்த நெறியையும் பின்பற்றுவதில்லை என்பது கருதுகோள். முதன்மைத் தரவுகள் ஷீட் கடைகளிலும் வெல்டிங் பட்டறைகளிலும் திரட்டப்பட்டன. துணைமைத் தரவுகளை, ஏற்கெனவே ஷீட் போட்டு ஏமாந்த மைத்துனர்கள் மனமுவந்து தந்தார்கள்.

சிமெண்ட் ஷீட் எனப்படும் கல்நார்த் தகடு ஆய்வு எல்லைக்கு வெளியே நிற்கிறது. அது உலோகமன்று. தவிரவும், எல்லா வகைக் கல்நாரும் புற்றுநோய் தரவல்லது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்ட பிறகு, அதன் அருகில் நின்று குறிப்பெடுக்க ஆய்வாளருக்குத் துணிவும் இல்லை.

தமிழகத்து உலோகக் கூரையின் வரலாற்றைத் தில்லையிலிருந்து தொடங்குவதே முறை. முதலாம் பராந்தக சோழன் சிற்றம்பலத்துக்குப் பொன் வேய்ந்ததைச் செப்பேடுகள் புகழ்கின்றன. அக்கூரையில் 21,600 பொன்னோடுகள், அவற்றைப் பிணைக்க 72,000 ஆணிகள் என்பது கோயில் மரபு. முன்னது மனிதன் ஒரு நாளில் விடும் மூச்சு, பின்னது உடலிலுள்ள நாடிகள் என்று தத்துவம் சொல்வார்கள். தத்துவத்தை ஓரமாக வைத்துவிட்டுக் கணக்கை மட்டும் எடுத்துக்கொண்டால், ஓர் ஓட்டுக்கு மூன்று ஆணிக்கும் மேல் விழுகிறது. நம் தெருவில் பத்தடி ஷீட் ஒன்றுக்கு எத்தனை ஸ்க்ரூ விழுகிறது என்று அண்ணாந்து எண்ணியவர்களுக்கு இந்த விகிதத்தின் அருமை விளங்கும். இக்கட்டுரை சொல்ல வந்தது ஏறத்தாழ இவ்வளவுதான். ஆயினும் ஆய்வென்றால் பக்கம் நிரம்ப வேண்டும் என்பதால் தொடர்கிறோம்.

அடுத்த பெருநிகழ்வு லண்டனில். துறைமுகக் கம்பெனியின் பொறியாளர் ஹென்றி ராபின்சன் பாமர், இரும்புத் தகட்டை அலையலையாக நெளித்து 1829இல் காப்புரிமை பெற்றார். தட்டையாகக் கிடந்தால் தன் எடைக்கே தொய்கிற தகடு, நெளித்துவிட்டால் மேலே ஏறும் ஆளையும் தாங்குகிறது. நெளிவு சுளிவு தெரிந்தவன் பிழைப்பான் என்பதற்கு உலோகவியல் தந்த சான்று இது. ஆனால் இரும்பு துருப்பிடிக்குமே? 1837இல் பிரான்சில் ஸ்தானிஸ்லாஸ் சொரெல் அதற்கும் வழி கண்டு உரிமை வாங்கினார். ஏறத்தாழ 450 டிகிரி சூட்டில் உருகிக் கிடக்கும் துத்தநாகத்தில் இரும்பை முக்கி எடுப்பதுதான் அந்த வழி. ‘ஜிஐ ஷீட்’ என்று நாம் கேட்டு வாங்குவது அதன் வாரிசு. கீறல் விழுந்த இடத்திலும் துத்தநாகம் கூட்டுக் குடும்பத்து மூத்த மருமகளைப் போல முதலில் தான் தேய்ந்து, இரும்பைக் காப்பாற்றும். 1972இல் அமெரிக்காவின் பெத்லகேம் ஸ்டீல், அந்த மருமகளுக்குத் துணையாக அலுமினியத்தையும் வீட்டுக்குள் அழைத்து வந்தது. அலுமினியம் 55 விழுக்காடு, துத்தநாகம் 43.4, மிச்சம் சிலிக்கான். கடைக்காரர் ‘கால்வால்யூம்’ என்பது இதைத்தான். அதன்மேல் வண்ணம் ஏற்றினால் ‘கலர் ஷீட்’. ஓடு போலப் புடைப்பு வைத்து அழுத்தினால் ‘ஓட்டு மாடல்’, அதாவது தகரம் தன் பிறப்பை மறைக்கப் போடும் வேடம்.

இனி வகைப்பாடு. இவற்றுள் எதை வாங்குவது என்று கடையில் கேட்டால், கையிருப்பில் எது அதிகமோ அதுவே சிறந்தது என்ற விடை கிடைக்கிறது. எனவே ஐந்திணைக் கோட்பாட்டைப் பொருத்திப் பார்ப்பது தவிர்க்க இயலாததாயிற்று. எந்த ஷீட் எங்கே எவ்வளவு காலம் உழைக்கும் என்பதை நிலமும் பொழுதும்தான் முடிவு செய்கின்றன. கம்பெனிக்காரர்கள் கண்டு சொல்வதற்கு வெகுகாலம் முன்பே முதற்பொருள் என்று நம்மவர்கள் அதைச் சொல்லிவிட்டார்கள்.

குறிஞ்சிக்கு உரிப்பொருள் புணர்தல். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் கூரை செங்குத்தாகச் சரிய வேண்டும். ஷீட்டும் ஷீட்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கூடும் இடத்தில் ஆறங்குலமாவது இணைந்திருக்க வேண்டும். நான்கங்குலத்தில் முடிக்கப் பார்க்கும் மேஸ்திரியிடம், அது களவு என்று எடுத்துச் சொல்லலாம். முல்லைக்கு இருத்தல். “நாளைக்குக் காலையில வந்துடறேன் சார்” என்று சொல்லிப் போன வெல்டருக்காகக் காத்திருத்தல் இத்திணையின் இயல்பு. கூடவே ஒரு தொழில்நுட்பக் குறிப்பும் உண்டு: ஆட்டுக் கொட்டில், மாட்டுக் கொட்டிலுக்குக் கால்வால்யூம் ஆகாது. மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியா அந்த அலுமினியப் பூச்சைத் தின்றுவிடும்.

மருதத்துக்கு ஊடல். நீலமா, செங்கல் நிறமா என்று கணவனும் மனைவியும் மூன்று நாள் பேசாமல் இருப்பது இத்திணை. களப்பணியில் மிகுதியான தரவு கிடைத்ததும் இங்கேதான். வெளிர் நிறம் வெயிலைத் திருப்பி அனுப்பும், அடர் நிறம் உள்ளே வாங்கி வைத்துக்கொள்ளும். எனவே அறிவியல் தீர்ப்பு வெள்ளைக்கே. ஆனால் வெள்ளை அழுக்காகும் என்று சொல்லி இருவருமே ஒற்றுமையாக ஒதுக்கிவிடுகிறார்கள். அந்த அழுக்கைக் காகத்தைத் தவிர வேறு யார் மேலேயிருந்து பார்க்கப் போகிறார்கள் என்ற கேள்விக்கு எந்த வீட்டிலும் விடை கிடைக்கவில்லை.

நெய்தலில் சற்று நின்றாக வேண்டும். அதன் உரிப்பொருள் இரங்கல். இது வெறும் இலக்கணமன்று, நாகப்பட்டினத்திலோ தூத்துக்குடியிலோ கடற்கரையோரம் ஷீட் போட்டவர்களின் நிலைமை. உப்புக்காற்று பூச்சை அரிக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். மழை கழுவிவிடும் மேற்புறத்தைவிட, மழையே படாமல் உப்பு அப்பிக் கிடக்கும் அடிப்புறமும் ஓரமும்தான் முந்திக்கொண்டு துருவேறும் என்பது பலருக்குத் தெரியாது. உத்தரவாத அட்டையில் கடற்கரை வீடுகளுக்குப் பொருந்தாது என்றொரு வரி பொடி எழுத்தில் இருக்கும்; அதைக் கடையிலேயே படித்துவிட வேண்டும், வீட்டில் படித்தால் இரங்கல்தான். கடலோரத்துக்கு அலுமினியம் நல்ல தேர்வு. ஆனால் அலுமினிய ஷீட்டை வாங்கிவந்து இரும்புக் குழாய்மீது அப்படியே படுக்கவைத்து, சாதாரண ஸ்க்ரூவால் முடுக்கினால், இரண்டு உலோகமும் உப்பீரமும் சேர்ந்து ஒரு பேட்டரி தயாராகிவிடும். மின்சாரம் நமக்குக் கிடைக்காது. அரிப்பு மட்டும் கிடைக்கும். நடுவே ரப்பர் பட்டையோ பெயிண்டோ தடுக்க வேண்டும், ஸ்க்ரூ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்க வேண்டும்.

பாலைக்கு எனத் தனி நிலம் கிடையாது. கத்திரி வெயிலில் எந்த மொட்டை மாடியும் பாலையே. இருபதடி எஃகு ஷீட் ஒன்று விடியற்காலைக்கும் உச்சிவேளைக்கும் இடையே 40 டிகிரி சூடேறினால் சுமார் 3 மில்லிமீட்டர் நீளும். அலுமினியம் ஏறத்தாழ இருமடங்கு நீளும். சாயங்காலம் மறுபடி சுருங்கும்போது ‘டக், டக்’ என்று சத்தம் வரும். மாடியில் யாரோ நடக்கிறார்கள் என்று பெரியவர்கள் சொல்வதை ஆய்வாளர் மறுக்கவில்லை. நடப்பது ஷீட்தான் என்று மட்டும் சேர்த்துக்கொள்கிறார். தினமும் இப்படி நடந்து நடந்து ஸ்க்ரூ ஓட்டை அகன்றுபோகும். பிறகு ஐப்பசி, கார்த்திகையில் புயல் வரும். பாலையின் உரிப்பொருளாகிய பிரிதல் அப்போது நிகழும்.

பிரிதலுக்குக் கணக்கும் உண்டு. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் 875ஆம் எண் விதித்தொகுப்பு, மூன்றாம் பகுதி, கட்டடங்களை வடிவமைக்கச் சென்னைக்கு விநாடிக்கு 50 மீட்டர் காற்று வேகத்தை வைத்திருக்கிறது. மதுரைக்கும் கோயம்புத்தூருக்கும் 39. அழுத்தம் வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும் என்பதால், சென்னைக் கூரையை இழுக்கும் விசை மதுரையைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல். பத்துக்குப் பத்து கூரை ஒன்றை அந்த வேகக் காற்று குத்துமதிப்பாக 1,400 கிலோ கனத்தோடு மேலே இழுக்கலாம். அந்தக் கூரையின் ஷீட் எடை மொத்தமே 40 கிலோவுக்குள். ஆக ஷீட்டைக் கீழே பிடித்து வைத்திருப்பது அதன் கனமன்று, ஸ்க்ரூவும் அடியிலுள்ள சட்டமும்தான். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் கரையேறிய சென்னையில் இருந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

இப்போது தடிமன். இத்துறையின் மாபெரும் குழப்பம் இதுவே. ‘கேஜ்’ எண் கூடக் கூடத் தகடு மெலியும்: 24 என்றால் சுமார் 0.56 மில்லிமீட்டர், 26 என்றால் 0.46, 28 என்றால் 0.38. எண் பெரிதாக இருக்கிறதே என்று மகிழ்ந்து 28 வாங்கி வந்தவர்களை ஆய்வாளர் நேரில் கண்டிருக்கிறார். மில்லிமீட்டரில் கேட்டாலும் முழுதாகத் தப்பிவிட முடியாது. 0.50 என்று எழுதியிருந்தால் அது பூச்சு, வண்ணம் எல்லாம் சேர்ந்த மொத்தமா, உள்ளே இருக்கும் எஃகு மட்டுமா என்று தனியாகக் கேட்க வேண்டும். இதுகுறித்துத் தகவலாளி ஒருவரோடு நிகழ்ந்த உரையாடல்:

“அண்ணே, இது எத்தனை எம்எம்?”

“பாயிண்ட் ஃபைவ் சார். கண்ணை மூடிக்கிட்டு எடுத்துட்டுப் போங்க.”

கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னதன் காரணத்தை அறிய, ஆய்வாளர் திருகு அளவியைப் பயன்படுத்தினார். பதினொன்றாம் வகுப்பு இயற்பியல் செய்முறையில் கம்பியின் விட்டத்தை அளந்துவிட்டு, வாழ்க்கையில் இது எதற்கு என்று தமிழகமே கேட்ட அந்தக் கருவி இதற்குத்தான். நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் வரை காட்டும். ஆனால் கடைவாசலில் திருகு அளவியை எடுத்தால் தகவலாளியின் முகம் மாறிவிடுகிறது, டீ வருவதும் நின்றுவிடுகிறது. ஆதலால் நாசூக்கான மாற்றுமுறை ஒன்று பரிந்துரைக்கப்படுகிறது: எடை. நான்கடி அகலச் சுருளிலிருந்து வார்த்த பத்தடி எஃகு ஷீட், மொத்தம் 0.50 மில்லிமீட்டர் இருந்தால் ஏறத்தாழ 14 கிலோ வரும்; 0.40 இருந்தால் 11 கிலோ. பழைய பேப்பர் கடையின் தராசே போதும்.

இறுதியாக ஸ்க்ரூ. எங்கே அடிப்பது என்பதில் இத்துறை இரண்டு கலைகளாகப் பிரிந்து கிடக்கிறது. மேட்டில் அடிப்போர், தண்ணீர் ஓடுவது பள்ளத்தில், அங்கே ஏன் ஓட்டை போட வேண்டும் என்கிறார்கள். பள்ளத்தில் அடிப்போர், அங்கேதான் ஷீட் சட்டத்தோடு ஒட்டிப் படிகிறது, பிடிப்பு அதிகம் என்கிறார்கள். இரு தரப்பும் சொல்வது உண்மைதான். ஒழுகலுக்கு அஞ்சும் வீட்டுக்கூரைக்கு மேடே மேல் என்று ஆய்வாளர் சாய்கிறார். ஆனால் இரு கலையாரும் கோட்டைவிடுவது வாஷரில். ஸ்க்ரூத் தலையின் அடியில் கறுப்பாக இருக்கும் அந்த ரப்பர் வளையம்தான் மொத்தக் கூரையிலும் மலிவான பொருள், முதலில் சாவதும் அதுவே. இழுத்து முடுக்கினால் பிதுங்கி வெடிக்கும், தளர்த்தி விட்டால் தண்ணீர் இறங்கும். வாஷர் அமுங்க வேண்டும், பிதுங்கக் கூடாது.

களத்தில் கண்ட வேறு குற்றங்களும் உண்டு. ஷீட்டைக் கிரைண்டரால் அறுப்பது முதலாவது. பொறி பறந்து விழுந்த இடமெல்லாம் பூச்சு வெந்து, அடுத்த மழையில் அம்மைத் தழும்பு போலத் துருப்புள்ளி எழும். கத்தரியால்தான் வெட்ட வேண்டும். சுவரும் ஷீட்டும் சேரும் இடத்தில் “சிமெண்ட் பூசிடலாம் சார்” என்பது இரண்டாவது. ஈரச் சிமெண்டின் காரம் துத்தநாகத்தையும் அலுமினியத்தையும் தின்னும், போதாக்குறைக்கு ஷீட் அசையும்போது பூச்சும் வெடிக்கும். ஏசியின் செம்புக் குழாயில் பட்டுச் சொட்டும் தண்ணீரைக் கூரைமேல் விடுவது மூன்றாவது. இதைச் செய்பவர் மேஸ்திரி அல்லர், நாமே.

கருதுகோள் நிரூபணமாயிற்று. நிறத்துக்கு மூன்று நாள் செலவிடும் குடும்பம், ஸ்க்ரூவுக்கு மூன்று நிமிடம்கூடச் செலவிடுவதில்லை. அது வெல்டரின் பாக்கெட்டிலிருந்து வருகிறது, எதுவென்று யாரும் கேட்பதில்லை. வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஸ்க்ரூவை நீங்களே வாங்குங்கள். ஒரு டப்பா கூடுதலாக வாங்கி, மாடிப்படிக்கு அடியில் போட்டு வையுங்கள். ரப்பர் வெடித்து ஒழுகத் தொடங்கும் வருஷம், அதே அளவு ஸ்க்ரூவைத் தேடி மழையில் கடை கடையாக அலைய வேண்டியிருக்காது.