முன்னாள் சிறுவர்கள் பற்றிய ஓர் ஆராய்ச்சி

அமெரிக்கச் சிறுவர் பேஸ்பாலில் 'முன்னாள் வீரர்' என்னும் தொடருக்குச் சற்று விளக்கம் தேவைப்படுகிறது. லிட்டில் லீக் என்னும் அமைப்பின் முதன்மைப் பிரிவில் 12 வயதைத் தாண்டியவர்கள் ஆட இயலாது என்பதால், மீசை அரும்புவதற்கு முன்பே ஒருவர் அங்கே முன்னாள் வீரராகிவிடுகிறார்; வேறெந்தத் துறையிலும் இவ்வளவு விரைவில் ஓய்வு கிட்டுவதில்லை, ஓய்வூதியம் மட்டும்தான் இல்லை. அந்தக் குறையை ஈடுசெய்யத்தானோ என்னவோ, ஊர்க் கழகங்கள் பழைய ஆட்டக்காரர்களையும் பயிற்சியாளர்களையும் அழைத்து, மைதானத்தின் நடுவே நிறுத்தி, பெயர் பொறித்த பலகையொன்றைக் கையில் கொடுத்துக் கைதட்டும் வழக்கத்தைக் கைக்கொண்டிருக்கின்றன. பொன்னாடை கிடையாது, அதற்குப் பதிலாகத் தொப்பி உண்டு, ஆனால் அது சிறுவர் அளவில் தைக்கப்பட்டது.

இம்மரபின் மூலத்தைத் தேடுவோர் பென்சில்வேனியா மாநிலத்து வில்லியம்ஸ்போர்ட் நகருக்குச் செல்ல வேண்டும். அங்கே எழுத்தராகப் பணியாற்றிய கார்ல் ஸ்டாட்ஸ், 1938இல் உறவுச் சிறுவர் இருவருடன் பந்து விளையாடுகையில் ஒரு லைலாக் செடியின் கட்டையில் காலைச் சிராய்த்துக்கொண்டு உட்கார்ந்தபோது, சிறுவருக்கெனத் தனி ஆட்டம் ஒன்று வேண்டும் என்ற எண்ணம் அவருக்குத் தோன்றியதாகக் கூறப்படுகிறது. பேஸ்பாலில், பந்தை அடித்தவர் நான்கு மூலைகளைச் சுற்றி ஓடித் தொடங்கிய இடத்துக்கே திரும்பினால் ஓர் ஓட்டம் சேரும்; பேஸ் எனப்படும் அம்மூலைகளுக்கு இடையே பெரியவர்களுக்கு 90 அடி இருந்ததை ஸ்டாட்ஸ் 60 அடியாகச் சுருக்கினார், அதாவது ஆட்டத்தை மூன்றில் இரண்டு பங்காக்கினார். பிறகு செலவுக்குப் பணம் தேடி அவர் அணுகிய 56 நிறுவனங்கள் கைவிரித்தன என்றும், அடுத்து வந்த லைகமிங் பால் நிறுவனமே 30 டாலர் தந்து கணக்கைத் தொடங்கியது என்றும் அமைப்பின் வரலாறு சொல்கிறது. ஒரு பால் நிறுவனம், ஒரு மர வணிக நிறுவனம், முறுக்குக்கு மேல்நாட்டு உறவினனான பிரெட்செல் செய்யும் ஒரு நிறுவனம் ஆகிய மூன்றின் பெயரால் மூன்று அணிகள் அமைந்தன. 1939 ஜூன் 6 அன்று நடந்த முதல் ஆட்டத்தில் மரம் பாலை 23-8 என்ற கணக்கில் வென்றது. இந்த எண்ணிக்கையை நோக்குமிடத்து, பந்துவீச்சுக்காக அன்று எவருக்கும் பலகை வழங்க வாய்ப்பிருந்ததாகத் தெரியவில்லை.

ஸ்டாட்ஸ் சுருக்கியதைப் பாராட்டு விழாக்கள் மீண்டும் பெரிதாக்குகின்றன என்பதே இவ்வாராய்ச்சியின் துணிபு. 60 அடியில் ஓடிய கால்கள் நாற்பது ஆண்டு கழித்து மேடையில் 90 அடி ஓடியதாக நினைவுகூரப்படுகின்றன; வேலிக்கு உள்ளேயே விழுந்த பந்து ஆண்டுக்கு ஓரடி வீதம் நகர்ந்து, ஒருநாள் வேலியைத் தாண்டிவிடுகிறது. வலது வெளிக்களத்தில் நின்றவர்கள் இதற்குச் சிறந்த சான்று. மட்டை பிடிப்போருள் பெரும்பாலோர் வலக்கையர் என்பதாலும், அவர்கள் ஓங்கி அடிக்கும் பந்துகள் இடப்புறமே அதிகம் செல்லும் என்பதாலும், பந்து பிடிக்கத் தெரியாத பையனைச் சேதமின்றி நிறுத்திவைக்க ஏற்ற இடம் வலது வெளிக்களமே எனச் சிறுவர் அணிகளில் நெடுங்காலமாகக் கருதப்பட்டு வருகிறது. புல்லைப் பிடுங்கிக்கொண்டும் வானத்தைப் பார்த்துக்கொண்டும் அங்கே நின்றவர், விழா மலரில் 'தற்காப்பின் தூண்' எனக் குறிக்கப்படுகிறார். தூண் என்பது அசையாமல் நிற்பது என்ற பொருளில் அச்சொல் பிழையற்றது.

பயிற்சியாளரின் நிலை வேறு. லிட்டில் லீகில் அவர் ஊதியம் பெறாத தன்னார்வலர். முதல் ஆண்டில் மூன்று அணிகளையும் நடத்தியவர்கள் ஸ்டாட்ஸும் பெபிள் சகோதரர்கள் இருவருமே. பின்வந்தோருள் பலர், தம் பிள்ளையைக் கொண்டுவந்து விடும்போது சற்று நின்று வேடிக்கை பார்த்த குற்றத்துக்காகப் பொறுப்பில் அமர்த்தப்பட்டவர்கள். பிள்ளை ஆட்டத்தை விட்டு, ஊரையும் விட்டுப் போன பின்பும், சாவி தம்மிடம் இருப்பதால் விலக முடியாமல் போனவர்களே இருபத்தைந்தாண்டுச் சேவைப் பட்டயம் பெறுகின்றனர்.

விழாவின் உச்சம், மரியாதைக்குரியவர் முதல் பந்தை எறியும் சடங்கு. எறிமேட்டுக்கும் மட்டையாளர் தட்டுக்கும் இடையே இங்கு 46 அடிதான். எனினும் தோள்பட்டை எழுப்பும் ஆட்சேபத்தால் பந்து பாதிவழியில் தரையைத் தொட, பத்து வயதுப் பிடிப்பாளன் அதை ஓடிப் பொறுக்கி வந்து கைகுலுக்க, கூட்டம் எழுந்து நிற்கிறது. அவ்விடத்தில் மிகையில்லாமல் வெளிப்படும் உண்மை இது ஒன்றே.

மிகைக்கு இடமே தராதவர்களும் உண்டு. 1957இல் மெக்சிகோவின் மான்டெரே நகரிலிருந்து வந்த சிறுவர் அணியின் ஆங்கெல் மாசியாஸ், லிட்டில் லீக் உலகத் தொடரின் இறுதியாட்டத்தில் தம்மை எதிர்கொண்ட 18 மட்டையாளர்களுள் ஒருவரைக்கூட முதல் பேஸை எட்டவிடவில்லை. இதற்கு மேல் கூட்டிச் சொல்ல எந்தத் தலைமையுரையாளராலும் ஆகாது. தலைமையமைப்பின் புகழ் மண்டபமோ வேறு வகையில் தாராளமானது: பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன், கூடைப்பந்து வீரர் கரீம் அப்துல் ஜபார், நகைச்சுவை எழுத்தாளர் டேவ் பாரி எனச் சிறுவயதில் இவ்வாட்டம் ஆடிப் பிற துறையில் பெயர்பெற்றோர் அதில் இடம்பெற்றுள்ளனர். பேஸ்பாலை உரிய காலத்தில் கைவிட்டதும் ஒரு சாதனையாக மதிக்கப்படுகிறது போலும்.

சிரிக்க இயலாத வரவுகளும் இக்கணக்கில் உண்டு. 1955இல் சார்ல்ஸ்டன் நகரின் கேனன் தெரு ஒய்.எம்.சி.ஏ. கறுப்பினச் சிறுவர் அணியுடன் ஆட மறுத்துத் தென் கரோலினாவின் வெள்ளையர் அணிகள் விலகிக்கொண்டன. எதிரணி இல்லாமல் வென்றவர்கள் விதிப்படி மேலே செல்ல முடியாது என்று கூறி, அச்சிறுவர்கள் வில்லியம்ஸ்போர்ட்டில் நடந்த உலகத் தொடரில் பார்வையாளர்களாக உட்காரவைக்கப்பட்டனர். மாநில வெற்றிக் கொடி அவர்களுக்கு வழங்கப்பட்டது 2002இல். ஹோபோக்கன் நகரில் 1972இல் மூன்று ஆட்டம் ஆடியபின், பெண் என்பதற்காக நீக்கப்பட்ட மரியா பெப்பே, உலகத் தொடரில் மரியாதை முதல் பந்தை எறிந்தது 2004இல். பந்துக்குப் பாதிவழியில் களைப்பு வருவதுபோல் நிர்வாகங்களுக்கும் வருகிறது. அவை வந்துசேர முப்பது, நாற்பது ஆண்டுகள் ஆகின்றன.

எஞ்சியிருப்பவர் ஸ்டாட்ஸ். வளர்ந்துவிட்ட அமைப்பு யார் கையில் இருக்க வேண்டும் என்பது பற்றித் தலைவர் பீட்டர் மெக்கவர்னுடன் கருத்து வேறுபட்டு, 1955இல் வழக்குத் தொடுத்து, பின் உடன்பாட்டின் பேரில் வெளியேறிய நிறுவனர், 1992இல் இறக்கும்வரை அவ்வமைப்பிலிருந்து விலகியே இருந்தார். சஸ்குவஹானா ஆற்றுக்குத் தெற்கே, தலைமையகத்தின் அருகிலுள்ள லிட்டில் லீக் அருங்காட்சியகம் இன்று மெக்கவர்னின் பெயரைத் தாங்கி நிற்கிறது. வில்லியம்ஸ்போர்ட்டின் மார்க்கெட் தெருவிலிருந்து அங்கே செல்வோர் கடக்கும் ஆற்றுப் பாலத்தின் பெயர் கார்ல் ஸ்டாட்ஸ் நினைவுப் பாலம்.