அரம் போன போக்கு

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் தெருவில் கம்பெனி கொடுத்த மாதிரியே வண்டியை வைத்திருந்தவர் ஒரே ஒருவர்தான், ஓய்வுபெற்ற தாசில்தார். அவரைப் பார்த்தால் எங்களுக்குப் பாவமாக இருக்கும். மற்றபடி கோயம்புத்தூர் பீளமேட்டில் மோட்டார் சைக்கிள் வைத்திருந்த எந்தப் பையனுக்கும் ஒரு விஷயத்தில் சந்தேகமே கிடையாது. ஜப்பான்காரன் இன்ஜினைப் பாதியிலேயே விட்டுவிட்டான். மீதியை நாம்தான் அரம் போட்டு ராவி முடித்துக்கொடுக்க வேண்டும்.

அவன் பாதியில் விட்ட லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். 1985-இல் எஸ்கார்ட்ஸ் கம்பெனி கொண்டுவந்த யமஹா ஆர்.எக்ஸ். 100-க்கு 98 சி.சி. இன்ஜின், 11 குதிரைத்திறன், எடை 103 கிலோ. அதற்கு ஓராண்டு முந்தி ஓசூரிலிருந்து வந்த இண்ட்-சுசுகிக்கும் அதே 50 மில்லிமீட்டர் போர், அதே 50 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக். ராஜ்தூத்தின் நிதானத்துக்குப் பழகிப்போன ஊரில் இந்த இரண்டும் சிக்னலில் நின்ற இடம் தெரியாமல் கிளம்பிப் போயின. அத்தோடு திருப்திப்பட்டிருக்கலாம். ஆனால் எங்களிடம் அரம் இருந்தது, மாலை நேரம் இருந்தது, வேலைதான் இல்லை.

முதல் பலி சைலன்சர். உள்ளே இருந்து சத்தத்தை அடக்கும் பேஃபிளை உருவிப் போட்டுவிட வேண்டும் என்பது சட்டம். சிலர் அதோடு நிற்காமல் சைலன்சரையே அறுத்துத் திறந்து, உள்ளே இருந்த கூம்பையும் தகட்டையும் வழித்தெடுத்தார்கள். காற்று தடையில்லாமல் போக வேண்டுமாம்.

எங்கள் வண்டிகளில் இருந்தது டூ ஸ்ட்ரோக் இன்ஜின்; அதன் சிலிண்டர் தலையில் வால்வு கிடையாது. புகை வெளியேறும் வாசல் திறந்திருக்கும்போதே புதுப் பெட்ரோல் கலவையும் உள்ளே வருவதால், அதிலும் கொஞ்சம் புகையோடு சேர்ந்து ஓடிப்போகும். சைலன்சருக்குள் கூம்பு சரியான அளவில் இருந்தால், முன்னே போன அழுத்த அலை அதில் மோதித் திரும்பிவந்து, ஓடிப்போன கலவையைப் பிடித்து மறுபடி சிலிண்டருக்குள் தள்ளிவிடும். 1950-களில் கிழக்கு ஜெர்மனியின் எம்.இசட். கம்பெனியில் வால்ட்டர் காடன் என்ற பொறியாளர் இதைக் கணக்காகச் செய்து காட்டினார். 1961-இல் ஸ்வீடன் பந்தயத்துக்குப் போன அவருடைய ஓட்டுநர் எர்ன்ஸ்ட் டெக்னர் அங்கிருந்தே தப்பி, அந்த வித்தையோடு சுசுகியிடம் போய்ச் சேர்ந்தார். அடுத்த ஆண்டே சுசுகிக்கு 50 சி.சி. உலகப் பட்டம். இரும்புத்திரையைத் தாண்டிக் கடத்திவந்த ரகசியத்தின் பேரப்பிள்ளையைத்தான் நாங்கள் ஆக்சா பிளேடால் அறுத்து, உக்கடத்தில் பழைய இரும்புக்கடையில் கிலோக்கணக்கில் போட்டோம். சத்தம் கூடியது. இழுவை குறைந்தது. சத்தம் கூடினால் இழுவையும் கூடியிருக்கத்தானே வேண்டும் என்பதால் குறைந்ததை யாரும் கவனிக்கவில்லை.

அடுத்தது எக்ஸாஸ்ட் போர்ட். சிலிண்டர் சுவரில் இருக்கும் அந்த ஓட்டையின் மேல் விளிம்பை அரத்தால் ராவிக் கொஞ்சம் உயர்த்தினால் புகை சீக்கிரமே வெளியேறத் தொடங்கும். இன்ஜின் வேகமாகச் சுழலும்போது பலம் கூடும். இது உண்மை. சோழவரத்தில் பழைய விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்களைப் பார்த்துவிட்டு வந்த அண்ணன் ஒருவர் இந்த உண்மையை எங்களுக்குக் கொண்டுவந்து சேர்த்தார். வேகம் குறைவாக இருக்கும்போது பலம் அதே அளவுக்குப் போய்விடும் என்ற பின்பாதியை அவர் சொல்லவில்லை. அவர் பார்த்தது பந்தயம். அங்கே யாரும் பின்சீட்டில் அம்மாவை உட்காரவைத்துக்கொண்டு மருதமலைப் பாதையில் ஏறுவதில்லை. எங்கள் கூட்டத்தில் இண்ட்-சுசுகி வைத்திருந்த நண்பன்தான் இந்தக் கலையில் கைதேர்ந்தவன். அவன் தொட்ட வண்டியெல்லாம் நேர்ரோட்டில் பறக்கும், ஸ்பீடு பிரேக்கர் ஏறி இறங்கினால் நின்றுவிடும்.

ஆயில் பம்பையும் விட்டுவைக்கவில்லை. ஆர்.எக்ஸ். 100-இல் ஆயிலுக்குத் தனி டேங்க். முறுக்கும் அளவைப் பார்த்து பம்பே தேவையான ஆயிலை அனுப்பிக்கொள்ளும். இயந்திரத்தை நம்பி இயந்திரத்தை விடலாமா? பம்பைக் கழற்றி ஓட்டையை அடைத்துவிட்டு, பங்க்கில் பெட்ரோலோடு கையால் ஆயிலைக் கலந்து ஊற்றினோம். கலவை எப்போதும் கொஞ்சம் தாராளம். பின்னால் வருகிறவருக்கு ரோடு தெரியாது.

இவ்வளவும் நடந்த இடம் வீட்டு வாசல். அம்மா அரிசிச் சாக்கு ஒன்றை விரித்துக் கொடுப்பார், தரை கறையாகிவிடக் கூடாதென்ற ஒரே காரணத்துக்காக. கழற்றிய போல்ட்டெல்லாம் அலுமினியத் தட்டில். கழுவுவதற்கு ரேஷன் மண்ணெண்ணெய். அந்த வாரம் சமையல் பாதியில் நின்றால் அதற்கு அரசாங்கத்தைக் குறை சொல்லிக்கொள்ளலாம். கிராங்க் கேஸில் பேரிங் இறங்காவிட்டால் பம்ப் ஸ்டவ்வைப் பற்றவைத்து மேலே கேஸைக் கவிழ்த்து வைப்போம். எஃகு சூட்டில் விரிவதைப்போல் அலுமினியம் ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். சூடான கேஸில் குளிர்ந்த பேரிங்கை விட்டால் தட்டாமலே உள்ளே போய் உட்காரும். பள்ளிக்கூடத்தில் வெப்பவிரிவு பாடத்துக்கு நான் வாங்கிய மதிப்பெண்ணை இதில் சேர்க்கவில்லை.

வீட்டில் முடியாத ஒன்று போர் அடிப்பது. அதற்கு லேத்துப் பட்டறைக்குத்தான் போக வேண்டும். கோயம்புத்தூரில் அதற்குப் பஞ்சமே இல்லை. மில்லும் பம்புசெட்டும் வளர்த்த ஊர் இது, சந்துக்குச் சந்து கடைசல் சத்தம் கேட்கும். சிங்காநல்லூர்ப் பக்கம் நாங்கள் போகிற பட்டறைக்காரர் பகல் முழுக்க மோட்டார் பாடி கடைவார். எங்கள் சிலிண்டர் அவருக்கு ராத்திரி வேலை. தேய்ந்த சிலிண்டரை 0.25, 0.50, 0.75, 1.00 மில்லிமீட்டர் என்று படிப்படியாகப் பெரிதாக்கி, அதற்கேற்ற ஓவர்சைஸ் பிஸ்டன் போட வேண்டும். நேராக 1.00-க்குப் போய்விடலாம் என்பது எங்கள் அவசரம். அவர் சிலிண்டருக்குள் விரலை விட்டுத் தடவிப் பார்த்துவிட்டுச் சொல்வார்: “ஏனுங் தம்பி, இருக்கற இரும்பைப் பூராம் இன்னைக்கே தின்னுபோட்டா நாளைக்கு என்னத்தை ஓட்டுவீங்க? பிஸ்டனை மொதல்ல கொண்டாங்க. பிஸ்டனைப் பாத்துத்தான் போரு. போரைப் பாத்து பிஸ்டன் இல்லீங்.” அந்தக் காலத்தில் இன்ஜினைப் பற்றி நான் கேட்ட பேச்சுகளில் அளந்து பேசப்பட்டது அது ஒன்றுதான்.

புல்லட்காரர்கள் தனி ஜாதி. திருவொற்றியூரில் செய்த அந்த 350-ஐ அவர்கள் வேகமாக்கப் பார்த்ததில்லை, கிளப்பினால் போதும். தீப்பொறியைக் கிளப்பும் பாயின்ட் எப்போது திறக்கிறது என்று தெரிந்துகொள்ள சிகரெட் பாக்கெட்டின் கண்ணாடிக் காகிதத்தைப் பாயின்ட்டுக்கு நடுவில் வைத்து, இன்ஜினை மெதுவாகத் திருப்புவார்கள். காகிதம் கையோடு வருகிற கணம்தான் டைமிங். பீடிகூடப் பிடிக்காத ஒரு மெக்கானிக் இதற்காகவே பெட்டிக்கடையில் வெற்றுப் பாக்கெட் கேட்டு நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

இப்போது எனக்கு ஐம்பதைத் தாண்டிவிட்டது. மறுபடி ஓர் ஆர்.எக்ஸ். 100 வாங்கியிருக்கிறேன். 1996-லேயே அதைச் செய்வதை நிறுத்திவிட்டார்கள். நிறுத்திய பிறகுதான் அது நல்ல வண்டி என்று நாட்டுக்குத் தெரிந்தது. ஒழுங்காகப் புதுப்பித்த வண்டி லட்சத்தைத் தாண்டி விலைபோகிறது. எனக்குக் கிடைத்தது ஒழுங்கில்லாத வண்டி. அதாவது எங்களைப் போன்ற ஒருவன் கையில் இளமையைக் கழித்த வண்டி. பேஃபிள் இல்லை, ஆயில் பம்ப் இல்லை, ஏர் ஃபில்டர் டப்பா இல்லை. எக்ஸாஸ்ட் போர்ட்டில் யாரோ ஒரு மேதையின் அரம் நடந்துபோன தடம்.

ஆகவே இன்று என் தொழில், அன்றைக்குக் கழற்றிப் போட்டதையெல்லாம் தேடிப்பிடித்து மாட்டுவது. சென்னை போனால் உறவினர் வீட்டுக்கு முன்னால் புதுப்பேட்டை உதிரிபாகக் கடைகளுக்குப் போகிறேன். உக்கடத்தில் கடைக்காரர் ஒரு பேஃபிளை எடுத்துத் துடைத்துக் கையில் கொடுத்தார். அவர் சொன்ன விலைக்கு அன்றைக்கு முழு சைலன்சரே வந்திருக்கும் என்றேன். “இது நீங்க அன்னைக்கு எங்கப்பாகிட்டப் போட்டதாக்கூட இருக்கும்ங்” என்றார், சிரிக்காமல். ஜப்பான் எழுத்து பொறித்த கார்புரேட்டர், ஜப்பான் முத்திரை போட்ட போல்ட் என்று ஒவ்வொன்றுக்கும் தனி விலை. புதுப்பெட்டியில் வந்தால் போலி, மஞ்சள் பூத்த பெட்டியில் வந்தால் அசல் என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. பெட்டியை மஞ்சளாக்குவதற்கும் ஆள் இருப்பார்கள் என்பது என் சொந்தச் சந்தேகம்.

வேலை நடக்கும் இடமும் உயர்ந்துவிட்டது. சாக்கு போய் ரப்பர் மேட் வந்தாயிற்று, மண்ணெண்ணெய் போய் ஸ்ப்ரே, தட்டு போய் காந்தம் வைத்த கிண்ணம். பேரிங்கை முந்தின ராத்திரியே ஃப்ரீசரில் பட்டாணிப் பாக்கெட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிடுகிறேன். கிராங்க் கேஸ் கேக் செய்கிற அவனில், கணக்கான சூட்டில். மணி அடித்ததும் உள்ளறையிலிருந்து மனைவி கேட்கிறாள்: “ஏனுங்க, வெந்துருச்சுங்களா?” அடுத்த தடவை கேக்கில் இன்ஜின் ஆயில் வாசம் வந்தது பற்றி எங்கள் வீட்டில் இரண்டு கருத்துகள் உண்டு.

சிங்காநல்லூர்ப் பட்டறையில் இப்போது மகன் இருக்கிறார். கம்ப்யூட்டர் பார்த்துக் கடையும் மெஷின் முன்னால் நிற்கிறது; பின்னால், தார்ப்பாய்க்கு அடியில், அப்பாவின் போரிங் மெஷின். “இந்த ஒத்தை சிலிண்டருக்கு அதை எறக்கோணுமுங், கட்டுபடி ஆகாதுங்” என்று சொல்லிவிட்டு தார்ப்பாயை விலக்கினார். பிஸ்டனை முதலில் கொண்டுபோயிருந்தேன்.

அன்றைக்கு நாங்கள் செய்ததற்கெல்லாம் அடி கொடுக்க அப்பா மட்டும்தான் இருந்தார். இன்று மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு இருக்கிறது. அது 1988-லிருந்தே இருந்ததுதான். பீளமேடு வரை வந்து சேரத் தாமதமாகிவிட்டது. கம்பெனி குறித்துக் கொடுத்த விவரத்திலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உறுதியாகச் சொல்லிவிட்டது. அதே ஆண்டுச் சட்டத் திருத்தத்தில் இதற்கென்றே தனித் தண்டனையும் வந்தது: ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். எங்கள் பழைய வண்டிகளுக்கு இந்தக் கணக்கைப் போட்டால் வண்டியை அரசாங்கத்துக்கே எழுதிக்கொடுத்துவிட்டு மேலும் கடன்பட்டிருப்போம். பதினைந்து வருடம் கழிந்த மோட்டார் சைக்கிளின் ஆர்.சி.யைப் புதுப்பிக்கும் கட்டணமும் 2022 ஏப்ரலில் 300-லிருந்து 1,000 ஆனது. எனக்கு அதில் வருத்தமில்லை. ஸ்க்ரூ முதல் ஸ்டிக்கர் வரை எல்லாம் கம்பெனிப்படி என்று நெஞ்சை நிமிர்த்தி நிற்கலாம் அல்லவா?

நிற்க முடியவில்லை. நான் எதையும் மாற்றவில்லை; பெட்ரோலை அவர்கள் மாற்றிவிட்டார்கள்.

இப்போது பங்க்கில் கிடைப்பதில் 20 சதவீதம் எத்தனால். பெட்ரோலில் இருக்கும் சக்தியில் மூன்றில் இரண்டு பங்குதான் எத்தனாலில் உண்டு. அது காற்றின் ஈரத்தை இழுத்து டேங்க் அடியில் தண்ணீராகச் சேர்க்கும், எண்பதுகளின் ரப்பர் ஓ-ரிங்கை ஊறவைத்து உப்பவைக்கும். இவைகூடப் பரவாயில்லை. எத்தனால் எரிவதற்குக் காற்று குறைவாகவே போதும் என்பதால், கார்புரேட்டரின் பழைய ஜெட் வழியாக இந்தக் கலவை போனால் இன்ஜினுக்கு எரிபொருள் போதாது. டூ ஸ்ட்ரோக்கில் அப்படிப் பட்டினி போட்டால் பிஸ்டன் சூடேறி சிலிண்டரோடு ஒட்டிக்கொள்ளும். ஆகவே கம்பெனிப்படி புதுப்பித்த இன்ஜினைக் கம்பெனிப்படி ஓடவைக்க, கம்பெனி போட்ட மெயின் ஜெட்டைக் கழற்றிவிட்டுப் பெரியதைப் போட வேண்டியிருக்கிறது.

இது 52-ஆம் பிரிவில் வருமா என்று இண்ட்-சுசுகி நண்பனிடம் கேட்டேன். ஊரிலிருந்த போர்ட்டையெல்லாம் ராவித் தள்ளிய அவன் இன்று இன்ஷூரன்ஸ் சர்வேயர். அடுத்தவன் வண்டியில் எது கம்பெனியுடையது, எது இல்லை என்று எழுதிக்கொடுத்துத்தான் சாப்பிடுகிறான். வீட்டுக்கு வந்து, மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஆர்.சி.யை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் படித்தான்.

“ஜெட்டு நம்பர் ஆர்.சி.ல இல்லீடா மாப்ளே. அதுக்கு நீ பயப்படாதே.”

“அப்புறம்?”

“இதுல கறுப்புன்னு போட்டிருக்கு. வண்டி என்ன நீலமா நிக்குது?”

முந்தைய உரிமையாளர் எப்போதோ கறுப்புப் பெயின்ட் அடித்து, பொறுப்பாக அதை ஆர்.டி.ஓ. ஆபீசில் பதிவும் செய்திருக்கிறார். நான் டேங்க்கின் அடிவயிற்றைச் சுரண்டி, கம்பெனி அடித்த பீகாக் நீலத்தைக் கண்டுபிடித்து, அதே நிறத்தைக் கலந்து அடிக்கச் செய்திருக்கிறேன்.

“கம்பெனி நிறம்தானேடா அது.”

“இருக்கட்டும். ஆல்ட்ரேஷன்னு மனு எழுதி, கறுப்பிலிருந்து நீலத்துக்கு மாத்திக்க அனுமதி கேளு. காரணம்னு ஒரு கட்டம் இருந்தா, என்ன எழுதறதுன்னு யோசிச்சு வெச்சுக்கோ” என்றவன், சிலிண்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு, டீ எங்கே என்று கேட்டான்.