வீட்டுப் பாட அட்டவணையும் நெய்யரியும்: தளவானூரை முன்வைத்து ஓர் ஆய்வு

பிள்ளைக்கு வீட்டிலேயே பாடம் சொல்லித்தரத் துணியும் பெற்றோர் முதலில் பாடத்தைத் தொடுவதில்லை. இணைப்பு சேர்க்கத் தொடங்குகிறார்கள். ஆய்வுலகம் ஏனோ ஏறெடுத்தும் பார்க்காத இந்நிகழ்வுக்குக் களமாகச் செஞ்சிப் பக்கத்துத் தளவானூரை எடுத்துக்கொண்டேன். மாதிரி: ஐந்தாம் வகுப்பு வயதில் ஒரு பெண், அம்மா, அப்பா, வீட்டுக்கே ஒரு செல்போன். முதல் மூவரும் கற்பனை. செல்போனை எல்லோருக்கும் தெரியும்.

முன்னாய்வுகளிலிருந்து தொடங்குவது மரபு. திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதினார்கள். சென்னையில் அனாதை இல்லம் ஒன்றை நடத்திய ஆண்ட்ரூ பெல் பாதிரியார் அதைக் கண்டு வியந்து தம் இல்லத்திலும் புகுத்தினார். பிள்ளையே பிள்ளைக்குச் சொல்லித்தரும் முறையோடு சேர்த்து 1797இல் லண்டனில் நூலும் வெளியிட்டார். மணலின் முழு மகிமையும் அவருக்குப் பிடிபட்டதா என்பது என் ஐயம். மணலில் ‘சேமி’ பொத்தான் கிடையாது. அழிப்பதற்குள் படித்துவிட வேண்டும்.

நமக்கு அந்த நெருக்கடி இல்லை. 2018இல் தமிழ்நாட்டுப் புதிய பாடநூல்களில் க்யூஆர் குறியீடு ஏறியது. 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி வந்தது. 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. அதற்குச் சில நாள் முன்பு, அக்டோபர் 27இல், இதே விழுப்புரம் மாவட்டத்து முதலியார்குப்பத்தில் ‘இல்லம் தேடிக் கல்வி’ தொடங்கியது. தன்னார்வலர்கள் தெருவுக்கு வந்தார்கள். இணைப்புகள் வாட்ஸ்அப்புக்கு வந்தன. பள்ளி திறந்த பிறகும் இணைப்புகள் மட்டும் ஓயவில்லை.

இனி கோட்பாடு. நன்னூல், மாணாக்கரை அன்னம், பசு, மண், கிளி, ஓட்டைக்குடம், ஆடு, எருமை, நெய்யரி என எட்டாகப் பிரிக்கிறது. பவணந்தி முனிவர் பிள்ளைகளுக்குச் சொன்னதைப் பெற்றோருக்குப் பொருத்துவதே இவ்வாய்வின் பங்களிப்பு. அன்னமும் பசுவும் களத்தில் அகப்படவில்லை. ஆட்டுப் பெற்றோர் ஒரு செடியில் ஒரு வாய்: திங்களன்று கான் அகாடமி, செவ்வாயன்று தீக்‌ஷா, புதனன்று மைத்துனர் அனுப்பிய யாரோ ஒருவரின் வீடியோ. எருமைப் பெற்றோர் குடும்பக் குழுவில் ஒரே மூச்சில் இருபது இணைப்புகளைக் கொட்டிக் குளத்தைக் கலக்கிவிடுவார்; பின்னால் வருபவர் தண்ணீர் குடிக்க முடியாது. ஓட்டைக்குடத்தார் பார்க்காமலேயே ‘அருமை’ என்று போட்டுவிட்டுப் போய்விடுவார்.

நம் மாதிரி அப்பா நெய்யரி. நெய்யை ஒழுக விட்டுக் கசடைப் பிடித்துக்கொள்ளும் வகை. பாடம் போனாலும் கோப்புறை நிற்கும். ‘கணக்கு’, ‘கணக்கு புதுசு’, ‘கணக்கு ஃபைனல்’, ‘கணக்கு ஃபைனல் 2’ என்று நான்கு கோப்புறைகள். எக்செலில் அறிவியலுக்குப் பச்சை, தமிழுக்கு மஞ்சள். ‘நடந்ததா?’ என்ற கடைசிக் கட்டத்துக்கு மட்டும் இன்னும் நிறம் முடிவாகவில்லை.

அம்மாதான் கேட்டாள்: “ஏங்க, நம்ம ஊர்லயே குகைக்கோயில் இருக்கே, அத வெச்சு ஒரு நாள் பாடம் போடக்கூடாதா?”

அப்பா ‘தளவானூர்’ என்று தேடினார். வந்து நின்றது தென்பெண்ணைத் தடுப்பணை. கட்டிச் சில மாதங்களில், 2021 ஜனவரியில், உடைந்துபோனது. அது இதே மாவட்டத்தில் இருக்கும் இன்னொரு தளவானூர். ஆனாலும் நல்ல இணைப்பாயிற்றே என்று ‘பொறியியல்’ கோப்புறையில் போட்டுவைத்தார். இவ்வகைச் சேமிப்புக்கு ‘பெயரொற்றுமைச் சேமிப்பு’ எனக் கலைச்சொல் முன்மொழிகிறேன்.

அதற்குள் அம்மாவும் மகளும் குன்றடிக்குப் போய்விட்டார்கள். ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்மன் குடைவித்த சத்ருமல்லேசுவரம் அது. முகப்பில் இரண்டு தூண்களுக்கு மேலே மகரங்களின் வாயிலிருந்து வளைந்திறங்கும் தோரணம். இரு பக்கமும் வாயில்காவலர். வடமொழியில் ஒரு கல்வெட்டு, தமிழில் வெண்பாவாக ஒரு கல்வெட்டு. எதிரிகளுக்கு மல்லன் என்ற பொருளில் ‘சத்ருமல்லன்’ என்பது மன்னனின் பட்டப்பெயர். அதையே சாமிக்கும் வைத்துவிட்டான். பக்கத்து மண்டகப்பட்டில், செங்கல்லும் மரமும் உலோகமும் சுண்ணமும் இல்லாமல் கோயில் அமைத்ததாகக் கல்லிலேயே பெருமை பேசிக்கொண்டவனும் இவனே. தேவையில்லாதவற்றின் பட்டியலைத் தெளிவாக எழுதிவைத்த பாடத்திட்டம் என்ற வகையில் அந்தக் கல்வெட்டை எக்செலுக்கு மேலே வைக்கலாம்.

குகையின் முகப்பு தெற்கு நோக்கியது. உள்ளே போனால் மேற்குச் சுவரில் கருவறை. அது கிழக்கு நோக்கியது. மகள் வாசலில் நின்று கையை நீட்டித் திசை பார்த்தாள். உள்ளே போய் மறுபடி நீட்டினாள். தொண்ணூறு டிகிரி என்று யாரும் சொல்லித்தரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அப்பாவைப் பிடித்தாள்: “வாசல் தெற்க பாக்குது, சாமி மட்டும் ஏம்ப்பா கிழக்க பாக்குது?”

அட்டவணையில் இதற்கு இடமில்லை. அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ‘சாமி திசை’ என்று புதுக் கோப்புறை ஒன்றைத் திறந்தார்.