பனியன் நீளத்தை ரெண்டு இஞ்ச் கூட்டுங்க மாமா

லப்பக், டெக்சஸ்
ஐப்பசி மாசம்

அன்புள்ள மாமாவுக்கு,

வாய்க்கால்ல அமராவதித் தண்ணி வருதுங்களா? கரும்பு எப்ப வெட்டறீங்க? போன்லயே கேட்டிருக்கலாம். ஆனா நீங்க போனை ஸ்பீக்கர்ல போட்டு கட்டிங் டேபிள் மேல வெச்சுருவீங்க. ஓவர்லாக் தைக்கற அக்காவுல இருந்து அம்மிச்சி வரைக்கும் கேட்டுட்டு இருப்பாங்க. இப்பச் சொல்லப்போற சங்கதி அம்மிச்சி காதுக்குப் போகக்கூடாது. அதனாலதான் கடுதாசி.

சங்கதி இதுதானுங்க: நான் இடுப்புல பிஸ்டல் வெச்சுட்டுப் போக ஆரம்பிச்சிருக்கேன். வெளிய தெரியாம, பனியனுக்குள்ள.

பதறாதீங்க. நான் யாரையும் பகைச்சுக்கல, எந்தக் கட்சியிலயும் சேரல. இந்த ஊர்ல பால் வாங்கப் போறவங்களும் வெச்சுட்டுத்தான் போறாங்க. 2021 செப்டம்பர் 1 முதல் டெக்சஸ்ல இதுக்கு லைசென்ஸே வேண்டியதில்லை. 21 வயசாகி, துப்பாக்கி வெச்சுக்கச் சட்டத்துல தடை இல்லாத ஆளா இருந்தாப் போதும். எச்1பி விசாவுல இருந்தவரைக்கும் நான் ஆசைப்பட்டாலும் முடியாது. வேட்டை லைசென்ஸ் எடுத்தவங்கன்னு சில விலக்கைத் தவிர, அந்த விசாக்காரங்களுக்கு மத்திய சட்டத்துலயே தடை. கிரீன் கார்டு வந்ததும் அந்தத் தடை விலகிருச்சு. கார்டு வந்தா நம்மாளுங்க மொதல்ல ஊருக்கு டிக்கெட் போடுவாங்க. ஆனா எங்க ஆபீஸ்ல ஒரு பெரியவர், பருத்திக்காரக் குடும்பம், எனக்குக் கார்டு வந்த சேதி கேட்டுக் கையைக் குலுக்கி, "அப்ப இனி நீயும் ஒண்ணு வாங்கிக்கலாம்"னார்.

அவர் சொன்ன காரணமும் தப்பில்லீங்க. அமெரிக்காவுலயே பருத்தி அதிகமா விளையற மாநிலம் டெக்சஸ். அதுலயும் லப்பக்கைச் சுத்திக் கண்ணுக்கு எட்டுன தூரம் பருத்திக்காடுதான். வெள்ளாமை எடுக்கற சீசன்ல ராத்திரி ராத்திரியா ஜின்னிங் பேக்டரிக்குப் போய்வரணும். வழியில வீடு கிடையாது, விளக்கு கிடையாது. "போலீசைக் கூப்பிட்டா வருவாங்க, ஆனா வந்து சேர நேரமாகும்"னார்.

நீங்க அடுத்து என்ன கேப்பீங்கன்னு எனக்குத் தெரியும். "ஏன் மாப்ள, அதுல காட்டுப்பன்னியைச் சுடலாமா?" இங்கயும் பன்னித் தொல்லைதானுங்க. டெக்சஸ்ல மட்டும் இருபது லட்சத்துக்கு மேல இருக்கும்ங்கறாங்க. ஹெலிகாப்டர்ல பறந்துட்டே சுடறதுக்கு 2011ல சட்டம் போட்டு, இப்ப அதுக்குக் காசு கட்டி வர்ற ஆளுங்களே இருக்காங்க. ஆனா அதெல்லாம் ரைபிள் சமாச்சாரம். என் பிஸ்டலைக் காட்டினா பன்னிக்குக் கோவம்தான் வரும்.

நமக்கு கைத்துப்பாக்கின்னா என்னங்க தெரியும்? ஜெய்சங்கர் படம். இல்லாட்டி 1967 ஜனவரி 12ந் தேதி ராமாவரம் தோட்டத்துல எம்.ஆர். ராதா எம்.ஜி.ஆரைச் சுட்ட கதை. அதையும் விட்டா தீபாவளிக்குச் சுருள் கேப் போட்டு வெடிக்கற தகரத் துப்பாக்கி. நெசத் துப்பாக்கின்னு நான் பார்த்தது பெரியப்பாரோட ஒத்தக்குழல் ஒண்ணுதான். 1959ஆம் வருச ஆயுதச் சட்டப்படி அதுக்கு லைசென்ஸ் வாங்கவும் புதுப்பிக்கவும் அவர் கவர்மென்ட் ஆபீஸ் ஆபீஸா நடந்தே செருப்பு தேஞ்சுது. தேர்தல் அறிவிச்சா அதைக் கோணிச்சாக்குல சுத்தி ஸ்டேஷன்ல ஒப்படைச்சுட்டு வருவார். உள்ளாட்சி, சட்டசபை, பார்லிமென்ட்னு மாறி மாறி வந்ததுல அந்தத் துப்பாக்கி காட்டைக் காவல் காத்ததைவிட ஸ்டேஷனைக் காவல் காத்ததுதான் அதிகம். இப்ப 2019 திருத்தத்துக்கப்புறம் நம்ம நாட்டுல ஒரு ஆளுக்கு ரெண்டுக்கு மேல கூடாது. இங்க அப்படி ஒரு கணக்கே கிடையாது.

கடைக்குப் போனேன். மீன் தூண்டில் ஒரு வரிசை, அடுத்த வரிசை துப்பாக்கி. 4473ன்னு ஒரு பாரம் குடுத்தாங்க. குத்தவாளியா, போதைப் பழக்கம் உண்டா, வேற யாருக்காச்சும் வாங்கித் தர்றியான்னு கேள்வி. நிரப்பிக் குடுத்ததும் எஃப்.பி.ஐ. கம்ப்யூட்டர்ல விசாரிச்சாங்க. கொஞ்ச நேரத்துல "ஆச்சு, எடுத்துக்கோ"ன்னு பையில போட்டுக் குடுத்துட்டாங்க. கூடவே ஒரு தொப்பி இலவசம்.

லைசென்ஸ் வேண்டியதில்லைன்னாலும் நான் எடுத்து வெச்சேன்; வேற மாநிலத்துக்குப் போனா உதவும். கட்டணம் 40 டாலர். கைரேகை வெக்கணும், நாலுல இருந்து ஆறு மணி நேரம் வகுப்புல உக்காரணும், எழுத்துப் பரீட்சையும் உண்டு. அப்புறம் 3, 7, 15 கெஜத்துல நின்னு மொத்தம் 50 தோட்டா சுடணும். 250 மார்க்குக்கு 175 எடுத்தாப் பாஸ். 3 கெஜத்துல சுடறதுங்கறது திண்ணையில நின்னு வாசல் கோலத்தைச் சுடறதுதானுங்க. அதனால எனக்குக்கூட மார்க் விழுந்துச்சு. வகுப்பு எடுத்தவர் சுடறதைப் பத்திப் பேசினது கொஞ்சம்தான். எப்பச் சுடக்கூடாது, சண்டை வராம எப்படி ஒதுங்கிப் போகணும், வீட்டுல குழந்தை கைக்கு எட்டாம எப்படிப் பூட்டி வெக்கணும், இதுதான் பெரும்பாடம். அதெல்லாம் பாடத்திட்டத்துலயே இருக்குதுங்க.

இனி உங்க பனியன் தொழிலுக்கு வர்றேன். பிஸ்டலை மறைக்கறது துப்பாக்கி வேலையே இல்லீங்க மாமா, பூராவும் துணி வேலை.

நான் வாங்கினது சிக் பி365ன்னு ஒரு குட்டி மாடல். தோட்டா போடாம அரைக் கிலோ இருக்கும். அதை உறையில சொருகி வலது இடுப்புல பேன்ட்டுக்கு உள்பக்கமா வெக்கணும். வெச்சதும் மொதல்ல பேன்ட்டு பத்தல. 34 போட்டுட்டு இருந்தவன் 36க்குப் போயிட்டேன். சாதா பெல்ட்டு தொங்கிப் போச்சு; பலகைக்கணக்கா விறைப்பா ஒரு பெல்ட்டு தனியா வாங்கினேன். அதுக்கு மேல பனியன். சிங்கிள் ஜெர்சி 150 ஜி.எஸ்.எம். போட்டுக் கண்ணாடி முன்னால நின்னா, துப்பாக்கியோட பிடி, மேகசின் முனை எல்லாம் அப்படியே எழும்பித் தெரியுது. லைக்ரா கலந்த துணியா இருந்தா நம்பர்கூடப் படிச்சிரலாம். பிக்கே காலர் பனியன் பரவால்ல. இன்டர்லாக் 220 ஜி.எஸ்.எம். நல்லா மறைக்குது, ஆனா லப்பக் வெயில்ல வெந்துருவோம். வெளிர் நிறத்துல பிளெயின் வேண்டாம். அடர் நிறமா, கோடோ கட்டமோ போட்டிருந்தா உத்தமம். ஸ்லிம் பிட் ஆகவே ஆகாது.

அதைவிட முக்கியம் நீளம். கடையில மேல் தட்டுல இருக்கற துவரம்பருப்பை எடுக்கக் கையைத் தூக்கினா பனியன் ஏறி இடுப்பு தெரியுது. கீழ் தட்டுல இருக்கற அரிசி மூட்டையைக் குனிஞ்சு எடுத்தாப் பின்னால புடைக்குது. அதனால நான் இப்ப முழங்காலை மடக்கி, முதுகை நேரா வெச்சுட்டு, நவராத்திரிக் கொலு பார்க்கற பெரியம்மாக்கணக்கா உக்காந்துதான் எதையும் எடுக்கறேன். மேல் தட்டுப் பருப்புக்கு வீட்டம்மாவைக் கூப்பிடறேன். ரெண்டு சைஸ் பெருசா ஒரு பனியன் வாங்கி, காலர் பட்டியைத் திருப்பிப் பார்த்தா "மேட் இன் இந்தியா". நம்ம பக்கத்துச் சரக்காத்தான் இருக்கும். 2025 ஆகஸ்ட்டுல 50 சதவீதம் வரி போட்டாங்கன்னு நீங்க ஜாப் ஒர்க் இல்லாம உக்காந்திருந்தீங்களே, அந்தப் பனியனுக்கு அடியில என்னென்ன இருக்குதுன்னு இப்பத் தெரிஞ்சுக்குங்க.

வெளிய கிளம்பின புதுசுல உலகமே என் இடுப்பைத்தான் பார்க்குதுன்னு தோணும். குழந்தை திரும்பிப் பார்த்தாப் படபடங்குது. நாய் மோந்தா வேர்க்குது. கை அதுபாட்டுக்குப் போய் பனியனைக் கீழ இழுத்து விடுது. அப்படி இழுக்கறதுதான் நம்மைக் காட்டிக் குடுக்கும்னு பெரியவர் திட்டினார். "உன்னை யாரும் பார்க்கறதில்ல, எல்லாரும் போனைப் பார்க்கறாங்க"னார். கார்ல சீட் பெல்ட்டு பக்கிளும் துப்பாக்கியும் ஒரே எடத்துக்குப் போட்டி போடுது. கக்கூஸ் விவகாரத்தை எழுத்துல வேண்டாம். நேர்ல வரும்போது உங்களுக்கு மட்டும் சொல்றேன்.

பெரிய ஆபத்து கட்டிப்பிடிக்கறதுதானுங்க. இங்க நல்ல சேதி சொன்னாலும் கட்டிப்பிடிப்பாங்க, கெட்ட சேதி சொன்னாலும் கட்டிப்பிடிப்பாங்க. அவங்க கை சரியா அந்த இடுப்புக்குத்தான் வரும். நான் ரெண்டடி தள்ளி நின்னு கையைக் கூப்பி வணக்கம் வெச்சிடறேன். "என்ன பண்பாடு!"ன்னு ஆபீஸ்ல பாராட்டறாங்க.

அப்புறம் போர்டு படிக்கற வேலை. கடைக்காரங்க உள்ள துப்பாக்கி கொண்டுவராதேன்னு சொல்லணும்னா 30.06னு சட்டப்பிரிவு எண்ணோட, இங்கிலீஷ்லயும் ஸ்பானிஷ்லயும், குறைஞ்சது ஒரு இஞ்ச் உயர எழுத்துல போர்டு வெக்கணும். லைசென்ஸ் எடுத்தவங்கள்ல மறைச்சு வெச்சிருக்கறவனுக்கு 30.06, வெளிய தெரிய மாட்டியிருக்கறவனுக்கு 30.07. வருமானத்துல 51 சதவீதமோ அதுக்கு மேலயோ அங்கயே குடிக்கற சாராயத்துல வர்ற கடைன்னா செவப்புல 51னு போர்டு. அங்க வாசப்படி ஏறினாலே குத்தம். பள்ளிக்கூடம், கோர்ட்டு, ஓட்டுச்சாவடிக்கெல்லாம் போர்டே தேவையில்லை. வாழ்க்கையில எந்தக் கடைக்கும் போர்டைப் படிச்சுட்டு உள்ள போனதில்லைங்க. இப்ப வக்கீல் குமாஸ்தா ஆயிட்டேன். கோயிலுக்குப் போறப்ப வண்டிப் பெட்டியிலயே பூட்டி வெச்சிடறேன். நம்மூர்க் கருப்பராயன் ஆளுயர அருவாளோட நிக்கறார். அவர் என்னைக்கும் மறைச்சு வெச்சதில்ல. சாமி முன்னால நான் பனியனுக்குள்ள ஒளிச்சு வெச்சுட்டு நிக்கறது மரியாதை இல்லீங்க.

இத்தனையும் எதுக்குன்னு பெரியவரைக் கேட்டேன். அவர் கில்லீன்னு ஒரு ஊர்ப் பேரைச் சொன்னார். 1991 அக்டோபர் 16ந் தேதி அங்க லூபீஸ்ங்கற சாப்பாட்டுக்கடைக்குள்ள ஒருத்தன் வண்டியை ஏத்தி, இறங்கி 23 பேரைச் சுட்டுக் கொன்னான். சூசன்னா ஹப்ங்கறவங்க தன்னோட அப்பா அம்மாவோட அங்க சாப்பிட்டுட்டு இருந்தாங்க. அவங்க துப்பாக்கி வண்டியில இருந்துச்சு. கூட எடுத்துட்டுப் போறது அப்பச் சட்டவிரோதம். ரெண்டு பேரையும் பறிகொடுத்த அந்தம்மா ஊர் ஊராப் போய்ச் சாட்சி சொன்னாங்க. 1995ல கவர்னரா இருந்த ஜார்ஜ் புஷ், மறைச்சு வெச்சுக்க லைசென்ஸ் குடுக்கற சட்டத்துல கையெழுத்துப் போட்டார். அதைக் கேட்டா யாருக்கும் மனசு இறங்கும்.

ஆனா 2019 ஆகஸ்ட் 3ந் தேதி இதே டெக்சஸ்ல எல் பாஸோ வால்மார்ட்டுல ஒருத்தன் சுட்டதுலயும் செத்தது 23 பேர். சட்டம் வர்றதுக்கு முந்தியும் 23, வந்தப்புறமும் 23. இந்த நாட்டுல பொதுஜனங்க கையில 39 கோடியே 30 லட்சம் துப்பாக்கின்னு ஒரு சர்வே 2018ல சொல்லுச்சு. ஜனங்களே அத்தனை இல்லை. 2020ல இருந்து இங்க ஒரு வயசு தாண்டின குழந்தைங்களும் வளர்ற பிள்ளைங்களும் சாகறதுக்கு மொதல் காரணம் துப்பாக்கி. இந்தக் கணக்கைப் படிச்சுட்டு வீட்டம்மா ஒரே ஒரு கண்டிஷன் போட்டாங்க: இரும்புப் பெட்டி வந்தப்புறம்தான் பிஸ்டல் வீட்டுக்குள்ள வரணும். அப்படித்தான் வந்துச்சு.

இடுப்புல அரைக் கிலோ ஏத்தினா தைரியம் கூடும்ங்கறாங்க. எனக்குக் கூடினது பொறுமைதானுங்க. கணியூர் பஸ் ஸ்டாண்டுல எவனாச்சும் உரசினா "ஏனுங்க, கண்ணு தெரியலையா"ன்னு எகிறுவேன், உங்களுக்கே தெரியும். இங்க ஒருத்தன் வண்டியைக் குறுக்க விட்டு நடுவிரலைக் காட்டறான். நான் சிரிச்சு வழிவிடறேன். பார்க்கிங்ல என் எடத்தைப் பிடிச்சுக்கறான். "நீங்க வெச்சுக்குங்க சாமி"ன்னுட்டு அடுத்த தெருவுக்குப் போறேன். என்கிட்ட இருக்கறது எனக்குத் தெரியும். அவன்கிட்ட இருக்குதான்னு தெரியாது. ரெண்டு பேர் வாய்ச்சண்டை போட்டா அது வாயோட முடியும்ங்கற உத்தரவாதம் இங்க இல்லீங்க. நம்மூர்ல மனுசன் நெஞ்சை நிமித்திச் சண்டை போடறது எதிராளி கையில ஒண்ணும் இல்லைங்கற தைரியத்துலதான்.

அதனால இப்ப ஜின்னிங் பேக்டரிக்கு ராத்திரி போற அன்னைக்கு மட்டும் எடுத்துக்கறேன். மத்த நாளெல்லாம் அது இரும்புப் பெட்டியில கெடக்குது, நான் 34 பேன்ட்டுல நிம்மதியாப் பருப்பு வாங்கறேன்.

தைக்கு யாராச்சும் வந்தா எனக்குக் காலர் பனியன் நாலு குடுத்து விடுங்க. பிக்கே துணி, கருநீலம், ரெகுலர் பிட், நீளம் ரெண்டு இஞ்ச் கூட. பேக்கிங் ஸ்லிப்புல காரணம் எழுதாதீங்க. அம்மிச்சி கேட்டா மாப்ளைக்குத் தொப்பை விழுந்துருச்சுன்னு சொல்லிருங்க. இன்னொண்ணு: இனி எந்த அமெரிக்கா பையராச்சும் நீளத்தைக் கூட்டி, பிட்டிங்கைத் தளர்த்தி, அடர் நிறத்துல கேட்டான்னா, எதுக்குன்னு விசாரிக்காதீங்க. துணி கூட ஆகுது, பீஸுக்கு ரேட்டைக் கூட்டிக் கேளுங்க. குடுப்பான்.

இப்படிக்கு,
உங்க அன்பு மாப்ள