மேக்கில் ஒரு பட்டன் சமைப்பது எப்படி?

தேவையான பொருள்கள்:

லினக்ஸ் சர்வரில் ஊறிய புரோகிராமர் – 1 (இருபது வருடம் பழையதானால் விசேஷம்)
மேக் கணினி – 1
எக்ஸ்கோடு – பல ஜிபி (இறங்கி முடிப்பதற்குள் சாப்பிட்டுவிட்டு வந்துவிடலாம்)
“ஒரு பட்டன்தானே?” என்ற நினைப்பு – தேவையான அளவு
பொறுமை – எங்காவது கிடைத்தால்

செய்முறை:

1. முதலில் அனுபவத்தைக் கழுவி ஓரமாக வைக்கவும். ராத்திரி இரண்டு மணிக்கு சர்வர் படுத்துவிட்டால் உங்களைத்தான் எழுப்புவார்கள், உண்மைதான். ஆனால் இங்கே நீங்கள் தலைதீபாவளிக்கு மாமியார் வீட்டுக்கு வந்திருக்கும் மாப்பிள்ளை. மரியாதைக்குக் குறைவில்லை, சொம்பு எங்கே இருக்கிறதென்றுதான் தெரியாது. காப்பி எடுக்க கன்ட்ரோல்-சி அழுத்துவீர்கள், ஒன்றும் நடக்காது. அதற்கு கமாண்ட் விசை. மெனுவை விண்டோவுக்குள் தேடுவீர்கள். அது திரையின் உச்சியில் இருக்கும். விண்டோவை மூடினாலும் ஆப் மூடாது. கீழே டாக்கில் ஐகானுக்கு அடியில் ஒரு புள்ளி முழித்துக்கொண்டிருக்கும். “இதென்னய்யா வழக்கம்!” என்று ஒருமுறை நன்றாகக் கத்திக்கொள்ளவும். பின்னால் உதவும்.

2. அடுத்து, குடும்பத்தை அறிமுகம் செய்துகொள்ளவும். என்எஸ்விண்டோ, என்எஸ்பட்டன், என்எஸ்ஸ்ட்ரிங் என்று தொட்டதற்கெல்லாம் முன்னால் ஒரு ‘என்எஸ்’ நிற்கும். பயப்பட வேண்டாம், இனிஷியல்தான். 1985ல் ஆப்பிளை விட்டு வெளியேறிய ஸ்டீவ் ஜாப்ஸ் தொடங்கிய கம்பெனி நெக்ஸ்ட்; அதன் இயங்குதளம் நெக்ஸ்ட்ஸ்டெப். 1996 டிசம்பரில் அந்தக் கம்பெனியையே வாங்குவதாக ஆப்பிள் அறிவித்தது. 2001ல் மேக் ஓஎஸ் எக்ஸ் வந்தபோது சரக்கெல்லாம் புது வீட்டுக்கு வந்துவிட்டது. தத்துப் போன பிள்ளை பழைய இனிஷியலை மட்டும் விடவில்லை.

சந்தேகம் கேட்டால் இந்த வீட்டில் மூன்று தலைமுறை பதில் சொல்லும். தாத்தா சதுர அடைப்புக்குறிக்குள் அப்ஜெக்டிவ்-சி பேசுவார். 2014ல் வந்த ஸ்விஃப்ட் பேசும் அப்பா, “அதெல்லாம் இப்ப யாருங்க எழுதறா?” என்பார். 2019ல் பிறந்த பேரன் ஸ்விஃப்ட்யூஐ, “பட்டனை ஏன் வரையறீங்க? என்ன வேணும்னு சொன்னாப் போதுமே” என்பான். மூவர் சொல்வதும் சரி. நீங்கள் தாத்தாவைப் பிடித்துக்கொள்ளுங்கள், வயது ஒத்துப்போகும்.

3. இப்போது பட்டனை வைக்கவும். விண்டோவை எழுத வேண்டாம், எக்ஸ்கோடிலேயே வரைந்துகொள்ளலாம். மவுஸைத் தொடுவதே கௌரவக் குறைச்சல் என்று வாழ்ந்தவருக்கு இது கொஞ்சம் சிரமம்தான். கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு இழுத்தால் ஒரு நீலக் கோடு வரும். இழுப்பதும் கோடு, போய்ச் சேர வேண்டியதும் கோடு. பட்டனுக்கு ஒன்று, ‘வணக்கம்’ காட்டப்போகும் லேபிளுக்கு ஒன்று. பட்டனுக்கு இழுத்துவிட்டு லேபிளுக்கு மறப்பீர்கள். ஓடவிட்டால் எர்ரர் இல்லை, கிராஷ் இல்லை. பட்டன் அழகாக அமுங்கும், வணக்கம் வராது. கோடு சேராத லேபிள் வெறும் ‘நில்’. அப்ஜெக்டிவ்-சியில் நில்லிடம் எதைச் சொன்னாலும் பெயருக்கேற்ப அப்படியே நிற்கும். சி மொழியில் இந்தத் தப்புக்கு செக்மென்டேஷன் ஃபால்ட் என்று கன்னத்தில் ஒன்று விழும். அதுவும் ஒரு கருணை என்று அன்றைக்குத்தான் புரியும். இரவு பதினோரு மணி வரை லாஜிக்கைத் தோண்டுங்கள். லாஜிக் சரியாகவே இருக்கும்.

மனம் தளர வேண்டாம். 1990ல் டிம் பெர்னர்ஸ்-லீ உலகின் முதல் வலை உலாவியை எழுதியது நெக்ஸ்ட் கணினியில், விண்டோ வரையும் இந்தக் கருவியின் முன்னோரை வைத்துக்கொண்டுதான். அக்டோபரில் ஆரம்பித்து கிறிஸ்துமஸுக்குள் ஓடவிட்டார். உங்களுடையது பட்டன். பொங்கல் வரை எடுத்துக்கொள்ளலாம்.

4. அலங்காரத்துக்கு, மேல் மூலையில் ஒரு கட்டம் வரையவும். பழக்க தோஷத்தில் (0, 0) கொடுப்பீர்கள். கட்டம் இடது பக்கம் கீழே போய் உட்காரும். டெர்மினலில் வரிகளை மேலிருந்து எண்ணியவர் நீங்கள். விண்டோ, பட்டன்களைப் பார்த்துக்கொள்ளும் ஆப்கிட்டில் ஒய் அச்சு கீழிருந்து மேலே ஏறும், பள்ளிக்கூடத்து கிராஃப் தாளில் ஏறியது போலவே. கணக்கு வாத்தியாரை நினைத்துக்கொண்டு மேலே செல்லவும்.

5. இனி தாளிப்பு. இதில்தான் பழைய கைகள் சுட்டுக்கொள்ளும். இத்தனை வருடம் உங்கள் புரோகிராமில் நீங்கள்தான் நாட்டாமை. நீங்கள் கேட்பீர்கள், பயனர் பதில் சொல்வார். அடுத்து என்ன என்பதும் உங்கள் தீர்ப்பு. இங்கே மெயினில் உருப்படியாக ஒரே ஒரு வரி. அது என்எஸ்அப்ளிகேஷன்மெயினைக் கூப்பிட்டு வீட்டுச் சாவியைக் கொடுத்துவிடும். அப்புறம் வீட்டுக்காரர்கள் கூப்பிட்டால் நீங்கள் வர வேண்டும். வந்த வேலையைச் சட்டென்று முடித்துவிட்டு நகர வேண்டும். பந்தியில் சாம்பார் வாளியோடு ஒரே இலை முன்னால் நின்றுவிட்டால் மற்ற இலைகள் என்ன ஆவது?

நம்பிக்கை வராவிட்டால் பட்டனுக்குள் ஒரு லூப் போடவும்: ஒன்று முதல் இருபது வரை லேபிளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஒரு விநாடி தூங்கட்டும். அழுத்தினால் லேபிள் அசையாது. மவுஸ் அம்பு வானவில் சக்கரமாகிச் சுற்றும். இருபது விநாடி கழித்து ‘20’ மட்டும் தோன்றும். மற்ற பத்தொன்பதையும் நீங்கள் எழுதியது நிஜம். ஆனால் திரையை வரைய வேண்டிய மெயின் த்ரெட்டைத்தான் தூங்க வைத்திருந்தீர்கள். கனமான வேலையை வேறு த்ரெட்டுக்கு அனுப்பவும். லேபிளைத் தொடுவது மட்டும் மெயின் த்ரெட்டிலேயே நடக்கட்டும். கொல்லையில் சமைக்கலாம், கூடத்தில்தான் பரிமாற வேண்டும்.

பரிமாறும் முறை:

நண்பருக்கு அனுப்பினால் வாசலில் கேட்கீப்பர் மறித்து, “இது யார் வீட்டுப் பிள்ளை?” என்று விசாரிப்பார். வருடத்துக்கு 99 டாலர் கட்டி, கையெழுத்துப் போட்டு, ஆப்பிளிடம் நோட்டரி முத்திரையும் வாங்கினால் சிரமமில்லாமல் விடுவார். ஒரு பட்டனுக்கா என்று கேட்கக்கூடாது.

மறுநாள் நண்பர் போன் செய்வார். “டேய், வணக்கம் வருதுடா! ஆனா விண்டோவை மூடியும் கீழ ஒரு புள்ளி போகவே மாட்டேங்குது. ஏதாச்சும் பக்கு இருக்கா?”

“பக்கெல்லாம் இல்லடா. மேக்ல அதான் வழக்கம்” என்று, கொஞ்சம் சலிப்போடு சொல்லவும்.

சொல்லிவிட்டீர்களா? அடுப்பை அணைத்துவிடலாம். புரோகிராமர் வெந்துவிட்டார்.