டாஹோ வண்டியில் கியர் வழுக்கல்: டிப்ஸ்டிக்கைத் தொடாமல் ஓர் ஆய்வு

அமெரிக்காவில் ஓடித் தேய்ந்த செவர்லே டாஹோ வண்டிகளில் ஆட்டோமேட்டிக் கியர் வழுக்குவதை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம். ஆய்வு எல்லை: 1995 முதல் 2005 வரை வெளிவந்து, 4எல்60-ஈ என்னும் கியர்பாக்ஸ் பூட்டியவை மட்டும். 2006 வண்டி வைத்திருப்போர் தங்கள் வழுக்கலுக்குத் தாங்களே பொறுப்பு. கருதுகோள்: வழுக்குகிறது. இத்துறையில் இதற்கு முன் ஆய்வே நிகழவில்லை. நிகழ்ந்தவற்றைப் பின்னர் விரிவாக மறுப்போம்.

வரலாற்றுப் பின்புலம் வைக்காவிட்டால் நெறியாளர் கையெழுத்துப் போடமாட்டார் என்பதால்: 1982-ல் 700ஆர்4 என்று பிறந்த பெட்டி, 1990-ல் 4எல்60 ஆனது, 1993-ல் கம்ப்யூட்டர் கட்டுப்பாடு வந்து வாலில் ஓர் 'ஈ' ஒட்டிக்கொண்டது. கியர் விகிதங்கள் 3.06, 1.63, 1.00, 0.70. இந்த எண்களை இனி எங்கும் பயன்படுத்தப் போவதில்லை. இருந்தாலும் அட்டவணைக்கு ஆகும்.

வழுக்கலின் இலக்கணம் இது: கால் மிதிக்கும், இன்ஜின் கத்தும், ஆர்பிஎம் முள் விறுவிறுவென்று ஏறும், வண்டி மட்டும் போன வேகத்திலேயே போகும். இன்ஜினே திணறி முள்ளும் ஏறாவிட்டால் அது பக்கத்துத் துறை. அவர்களோடு நமக்குப் பேச்சுவார்த்தை கிடையாது.

வகைகள் வருமாறு. ஒன்று, இரண்டு, ரிவர்ஸ் மூன்றும் ஒழுங்காக இருந்து, இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகும்போது மட்டும் நியூட்ரல் விழுந்ததுபோல இன்ஜின் அலறினால், மூன்று-நான்கு கிளட்ச் கருகிவிட்டது. இந்தப் பெட்டியின் குலநோய் அது. ரிவர்ஸ், இரண்டு, நான்கு ஆகியவை ஒரே நாளில் சேர்ந்து காணாமல் போய், ஒன்றும் மூன்றும் மட்டும் எஞ்சினால், உள்ளே சன் ஷெல் உடைந்திருக்கிறது. நெடுஞ்சாலையில் சீராகப் போகும்போது ஆர்பிஎம் சில நூறு கூடிக் குறைந்து, ஸ்கேனரில் பி1870 என்று வந்தால், டார்க் கன்வெர்ட்டருக்குள் இருக்கும் லாக்கப் கிளட்ச் நழுவுகிறது. வால்வ் பாடியின் அலுமினியத் துளை தேய்ந்து அழுத்தம் கசிவதே பெரும்பாலும் காரணம். வலது காலை எடுக்காமல் இடது காலால் பிரேக்கை லேசாகத் தொட்டுப் பாருங்கள். லாக்கப் விடுபட்டு முள் ஒரு துள்ளுத் துள்ள வேண்டும். துள்ளவில்லையா, அது பூட்டவே இல்லை.

மெக்கானிக்குகள் இதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அரைப் பக்கத்தில் முடிவது ஆய்வாகாது என்பதை அவர்களுக்கு யார் சொல்வது? ஆகவே நாம் காகிதத் துண்டுக்கு வருவோம்.

டிப்ஸ்டிக்கிலிருந்து ஒரு சொட்டை வெள்ளைக் காகிதத் துண்டில் விட்டுப் படிப்பது தொன்றுதொட்ட வழக்கம். நல்ல ஆயில் சிவந்து, வட்டமாகப் பரவும். கெட்டது பழுப்பாகி, நடுவில் கறுப்புப் பொட்டு வைத்து நிற்கும். அந்தச் சிவப்பு, இன்ஜின் ஆயிலிலிருந்து பிரித்தறியச் சேர்த்த சாயமே தவிர, ஆயிலின் பிறவிக் குணம் அன்று. இந்த ஒரு செய்தியை மறைத்துவிட்டால் சிவப்பைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் எழுதலாம்; எழுதியிருக்கிறார்கள்.

டாலஸ் புறநகர்த் தமிழ்க் கராஜ் ஒன்றில் கிடைத்த துண்டுகளே நம் மூலப்பிரதிகள். முதல் துண்டில் சிக்கல் இல்லை; ஆயில் சிவப்பு (துண்டு அ, நடுப்பகுதி). இரண்டாவது பழுப்பு (துண்டு ஆ, வலது மூலை, கட்டைவிரல் ரேகைக்குக் கீழே, மேலே ரேகையே பழுப்பு). மூன்றாவதில்தான் துறை இரண்டாகப் பிளந்தது. கறையின் நடுவே ஒரு கருமணி தெரிகிறது. கிளட்ச் தகட்டிலிருந்து உதிர்ந்த உராய்வுத் துகள் என்கிறது வடகராஜ் மரபு. கடுகு என்கிறது தென்கராஜ் மரபு. கறையே ஆயில் அன்று, சாம்பார், பிற்காலத்தார் செய்த இடைச்செருகல் என்பது தென்கராஜாரின் துணிபு (துண்டு இ, மடிப்பின் உட்புறம், பார்பிக்யூ அடுப்பின் மூடியில் ஒட்டிக் கிடைத்தது, வடமேற்கு ஓரம் மாமனார் மூக்குச் சிந்தியதால் சிதைவு, சிதைந்த பகுதி ஆய்வாளரின் மனக்கண்வழி மீட்கப்பட்டு, மீட்கப்பட்டதற்கு உரை எழுதப்பட்டு, உரைக்கு மறுப்பு அச்சில் உள்ளது). கடுகுக் கட்சியார் ஒருவர் அதை நாவில் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முன்வந்தார். நெறிமுறைக் குழு தடுத்துவிட்டது.

இதில் கவனிக்கத்தக்கது ஒன்று உண்டு. இரு மரபினரும் டிப்ஸ்டிக்கைப் பார்த்ததில்லை. துண்டையும் பார்த்ததில்லை, துண்டின் ஜெராக்ஸைத்தான் பார்த்தார்கள். ஜெராக்ஸ் கறுப்பு வெள்ளை. ஆக, சிவப்பு பற்றிய விவாதம் முழுவதும் ஒருவர் மற்றவரை மேற்கோள் காட்டியே நடந்து முடிந்தது. இருவருக்கும் பதவி உயர்வு கிடைத்தது.

கடல்சார் மரபையும் விட்டுவிடக் கூடாது. 1970-களின் தொடக்கம் வரை ஆட்டோமேட்டிக் ஆயிலில் ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் எண்ணெய் சேர்க்கப்பட்டது. கிளட்ச் முரட்டுத்தனமில்லாமல் பிடிக்க அது உதவியது. அமெரிக்கா திமிங்கிலப் பொருள்களைத் தடை செய்ததும் வேறு வேதிப்பொருள் தேட வேண்டியதாயிற்று. இதுவரை மெய். இதை வைத்து டாஹோவை நெய்தல் திணையில் சேர்த்துவிட்டார் ஒருவர். டாஹோ பிறந்ததே 1995-ல்தானே என்று கேட்கப்பட்டது. தொன்மையை நாட்டும்போது இருபது ஆண்டு இடைவெளியெல்லாம் ஒரு கணக்கா? நம் துறையில் வழக்கமாக விடும் இடைவெளி அதைவிடப் பெரிது.

மோப்பம்: ஆயில் கருகிய வாடை அடித்தால் கிளட்ச் எரிந்திருக்கிறது. மோந்து பார்த்தவர் எவரும் கட்டுரை எழுதவில்லை. மெக்கானிக்குக்குப் போன் செய்தார்கள்.

பழைய ஆயிலை மாற்றினால் கியர்பாக்ஸ் செத்துவிடும் என்றொரு கோட்பாடு உண்டு. அதற்கு ஆதாரமாக நிற்பவர்கள், வழுக்கத் தொடங்கிய பிறகே ஆயிலை நினைத்தவர்கள். ஏற்கெனவே தேய்ந்த கிளட்ச் புது ஆயிலைக் கண்டு புத்துயிர் பெறாது, மறுவாரம் சாகும், பழி ஆயிலின் தலையில் விழும். முந்தியது காரணம், பிந்தியது காரியம் என்று நிறுவிவிடுவது நமக்கும் பழக்கமான முறையாதலால் இதை மேலும் கிண்டவில்லை.

ஆய்வுக்கூடச் சோதனை: சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, பிரேக்கை அழுத்தி, 'டி'-யில் போட்டு, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதிக்க வேண்டும். கையேடு சொல்லும் ஆர்பிஎம்மைத் தாண்டினால் கிளட்ச் வழுக்குகிறது. எட்டாவிட்டால் இன்ஜினில் வலு இல்லை, அல்லது கன்வெர்ட்டருக்குள் ஸ்டேட்டர் போய்விட்டது. 5 விநாடிக்கு மேல் மிதிக்கக் கூடாது. மிதித்தால் ஆயில் கொதித்து, கருதுகோள் தானாகவே நிரூபணமாகிவிடும்.

கட்டுரை அச்சுக்குப் போகும் தறுவாயில், துண்டு இ-யைச் சிதைத்த அதே மாமனார் கராஜுக்குள் வந்தார். ஊரில் பஸ் டிப்போவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆய்வுப் பின்புலம் இல்லாதவர்.

"ஆயில் அளவு பாத்தீங்களா, மாப்ள?"

துண்டுகளைக் காட்டினேன். அவர் அவற்றை ஒதுக்கிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு ஒரு சுற்றுப் போனார். சூடேறி வந்ததும் இன்ஜினை அணைக்காமல், பிரேக்கில் கால் வைத்து ஒவ்வொரு கியராகத் தொட்டுவிட்டு, பார்க்கில் நிறுத்தினார். பானட்டுக்குள், பயணி உட்காரும் பக்கம், பின்சுவரை ஒட்டிய நீளக் குழாயிலிருந்து டிப்ஸ்டிக்கை உருவினார். துடைத்து, செருகி, மறுபடி உருவினார். நுனியில் மட்டும் ஈரம். ரேடியேட்டருக்குப் போகும் கூலர் குழாயின் இணைப்பில் கசிவு. இணைப்பை மாற்றி, புனல் வைத்துக் குறைந்த ஆயிலை ஊற்றினார். வழுக்கல் நின்றுவிட்டது.

இதனால் ஆய்வுக்கு நேர்ந்த இழப்பு பெரிது. நெறியாளரிடம் முறையிட்டோம். ஊற்றிய ஆயிலை வடித்துவிட்டு இரண்டாம் இயலைத் தொடங்கச் சொல்லியிருக்கிறார். மாமனார் ஊருக்குத் திரும்பும் தேதிக்காகக் காத்திருக்கிறோம்.